மைதானம் மாறியது, தெரு என்னவாகும்?



இங்கிலாந்தின் லிவர்ப்பூல் நகரில், 133 ஆண்டுகள் ஒரே இடத்தில் ஆடிவந்த கால்பந்துக் கழகம் ஒன்று அவ்விடத்தை விட்டுப் பெயர்ந்துவிட்டது. எவர்ட்டன் என்பது அக்கழகத்தின் பெயர். அது விட்டுச் சென்ற மைதானம் குடிசன் பார்க். 2025 மே 18ஆம் நாள் அங்கே ஆடவர் அணியின் கடைசி ஆட்டம் நடந்தது. சவுத்தாம்டன் அணியை எவர்ட்டன் 2-0 என்ற கணக்கில் வென்றது. இரண்டு கோல்களையும் அடித்தவர் செனகல் நாட்டு வீரர் இலிமான் என்டியாயே. அதே ஆண்டு ஆகஸ்ட் 24இல், மெர்சி ஆற்றங்கரையில் எழுப்பப்பட்ட புதிய அரங்கில் கழகம் தன் முதல் லீக் ஆட்டத்தை ஆடியது. அங்கும் முதல் கோல் என்டியாயேயின் காலிலிருந்துதான் வந்தது.

"பந்து உதைக்கும் இடம் மாறியதற்கு ஒரு கட்டுரையா?" என்று சிலர் கேட்கக்கூடும். காயல்பட்டினத்திலும் அதிராம்பட்டினத்திலும் கால்பந்துத் தொடர் ஆட்டங்கள் நடைபெறும் நாள்களில் மக்கள் கூட்டங்கூட்டமாய் மைதானத்தை நோக்கி நடப்பதைக் கண்டவர்கள் அவ்வாறு கேட்கமாட்டார்கள். மைதானம் என்பது கோடு கிழித்த புல்வெளி மட்டுமன்று. அதைச் சுற்றி ஒரு கடைத்தெரு பிழைக்கிறது. தந்தை அமர்ந்த இருக்கையில் மகன் அமர்கிறான். சிறுவர்கள் தம் வீட்டு வாசலிலிருந்தே ஆரவாரத்தைக் கேட்டு, யார் கோல் அடித்தார்கள் என்று ஊகிக்கிறார்கள்.

எவர்ட்டன் போகலாமா, கூடாதா என்னும் வாதம் அந்நகரில் கால் நூற்றாண்டுக்கு மேல் நடந்தது. ஒரு சாரார் வருமானத்தைப் பேசினர்; மறுசாரார் நினைவுகளைப் பேசினர். மைதானத்தை ஒட்டி வாழ்கின்ற, நுழைவுச்சீட்டு வாங்காத மக்களைப் பற்றிய பேச்சு குறைவாகவே எழுந்தது. அதைத்தான் உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

வாடகைத் தகராறில் பிறந்த இடம்

குடிசன் பார்க்கைப் பற்றிப் பேசுவோர், அது ஆதிமுதல் எவர்ட்டனுக்கே உரிய மண் என்பது போலப் பேசுவதுண்டு. வரலாறு வேறு சொல்கிறது. 1878இல் ஒரு தேவாலயத்தைச் சேர்ந்த இளைஞர்களின் அணியாகத் தொடங்கிய இக்கழகம், 1884 முதல் 1892 வரை ஆடியது ஆன்ஃபீல்டு மைதானத்தில். ஆம், இன்று லிவர்ப்பூல் கழகத்தின் கோட்டையென உலகம் அறிந்திருக்கும் அதே ஆன்ஃபீல்டுதான்! 1891இல் எவர்ட்டன் தன் முதல் லீக் பட்டத்தை வென்றதும் அங்கே இருந்தபோதுதான்.

அம்மைதானம் ஜான் ஹோல்டிங் என்னும் மது ஆலை முதலாளியின் பிடியில் இருந்தது. ஆண்டு வாடகை 100 பவுனிலிருந்து படிப்படியாக 250 பவுனுக்கு ஏறியது. மைதானத்தில் தம் சரக்கு மட்டுமே விற்கப்பட வேண்டும் என்பதும் அவரது விருப்பம். உறுப்பினர்கள் இணங்கவில்லை. ஜார்ஜ் மேஹன் என்பவரின் தலைமையில் 1892இல் வெளியேறினர். ஸ்டான்லி பூங்காவிற்கு மறுபுறத்தில், மேடும் பள்ளமுமாய்க் கிடந்த ஒரு நிலத்தைப் பிடித்துச் சீர்திருத்தினர். அதற்காக, கழகத்தைச் சேர்ந்த மருத்துவர் ஜேம்ஸ் பாக்ஸ்டர் 1,000 பவுன் கடன் கொடுத்தார். வட்டியில்லாக் கடன்! இந்தச் செய்தியைச் சற்று நினைவில் வைத்திருங்கள்.

அணி இல்லாமல் வெறும் மைதானத்தோடு நின்ற ஹோல்டிங், தாமே ஒரு புதிய கழகத்தைத் தொடங்கினார். அதுவே லிவர்ப்பூல் கழகம். ஆக, எவர்ட்டன் தன் பழைய இடத்தை உதறிவிட்டுப் போனதால்தான் உலகப் புகழ்பெற்ற இன்னொரு கழகமே பிறந்தது. குடிசன் பார்க் திறந்து வைக்கப்பட்ட நாள் 1892 ஆகஸ்ட் 24. புதிய அரங்கின் முதல் லீக் ஆட்டமும் ஆகஸ்ட் 24. சரியாக 133 ஆண்டுகள். இடம் பெயர்வது இக்கழகத்திற்குப் புதிதன்று என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

தெருவுக்குள் ஒரு மைதானம்

ஆயினும் அது சாதாரண மைதானமன்று. ஆர்ச்சிபால்டு லீட்ச் என்னும் ஸ்காட்லாந்துப் பொறியாளர், பிரிட்டனின் புகழ்பெற்ற பல மைதானங்களுக்குப் பார்வையாளர் மாடங்களை வடிவமைத்தவர். குடிசனில் அவர் வடிவமைத்த இரு மாடங்கள் இறுதி நாள்வரை நின்றன. குறுக்கும் நெடுக்குமாய் இரும்புச் சட்டங்கள் பின்னிய அவற்றின் கைப்பிடிச் சுவர் அவருடைய முத்திரை எனலாம். 1938இல் நான்கு புறமும் இரண்டடுக்கு மாடங்கள் கொண்ட மைதானமாக அது விளங்கியது. 1958இல் பனி உறையாதிருக்கப் புல்தரைக்கு அடியில் மின்கம்பிகள் பதித்து வெப்பமூட்டினர். இங்கிலாந்தில் அவ்வாறு செய்த முதல் மைதானம் அதுவே. 1948 செப்டம்பரில் லிவர்ப்பூலுடன் நடந்த ஆட்டத்தைக் காண 78,299 பேர் அதற்குள் நெருக்கியடித்து நின்றனர்.

1966 உலகக் கோப்பையின் ஐந்து ஆட்டங்கள் அங்கு நடந்தன. பெலே ஆடிய மைதானம் அது. போர்ச்சுகலுக்கு எதிராக வட கொரியா மூன்று கோல்கள் அடித்து உலகைத் திகைக்க வைத்ததும் அங்கேதான். பின்னர் மொசாம்பிக்கில் பிறந்த யூசேபியோ ஒருவரே நான்கு கோல்கள் அடிக்க, ஆட்டம் 5-3 என்று தலைகீழானது. 1927-28 பருவத்தில் லீகில் மட்டும் 60 கோல்கள் அடித்த டிக்சி டீன், முதுமையில் 1980 மார்ச் 1 அன்று அதே மைதானத்தில் எவர்ட்டன்-லிவர்ப்பூல் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது உயிர்நீத்தார்.

எண்ணூறுக்கும் மேற்பட்ட இரசிகர்களின் அஸ்தி அம்மைதானத்தின் ஓரங்களில் புதைக்கப்பட்டிருக்கிறது. இடம் போதாமல் 2004இல் அவ்வழக்கத்தை நிறுத்தினார்கள். இறந்தோரை அடக்கம் செய்வதில் நம் வழக்கம் வேறு. எனினும், தந்தையின் அஸ்தி புதைந்த மண்ணை விட்டுப் போகச் சொன்னால் ஒரு மகனின் மனம் என்ன பாடுபடும் என்பது எந்தச் சமயத்தாருக்கும் விளங்கும்.

இனி, சுற்றுப்புறத்தைப் பாருங்கள். வால்ட்டன் என்னும் அப்பகுதி வசதி குறைந்த உழைக்கும் மக்கள் வாழும் பகுதி. வரிசை வரிசையாய்ச் சுவரோடு சுவர் ஒட்டிய சிறு செங்கல் வீடுகள். அவற்றின் கூரைகளுக்கு மேலே திடீரென்று எழுந்து நிற்கும் மைதானம். ஒரு மூலையில், இரண்டு மாடங்களுக்கு இடையே செருகி வைத்தாற்போல் தூய லூக்கா தேவாலயம். பின்புறத்தில் ஒரு தொடக்கப்பள்ளி. ஆட்டம் தொடங்கும் முன் பழங்கால உடையணிந்த ஒரு பெண் மைதானத்தைச் சுற்றி வந்து கூட்டத்தை நோக்கி மிட்டாய்களை வீசுவாள்; இக்கழகத்திற்கு 'டாஃபி' என்ற செல்லப்பெயர் உண்டு. ஆட்ட நாளில் அருகிலுள்ள கவுண்டி சாலையில் மீன் வறுவல் கடைகளும் உணவகங்களும் நிரம்பி வழியும். ஒரு பருவத்தில் சொந்த மைதானத்து லீக் ஆட்டங்கள் 19. அந்தப் 19 நாள் வியாபாரம்தான் அக்கடைகளில் பலவற்றுக்கு ஆண்டு முழுவதும் முதுகெலும்பு.

ஏன் போக வேண்டியிருந்தது?

அந்த நெருக்கமே மைதானத்திற்கு வினையாயிற்று. ஒரு புறம் தேவாலயம், மற்ற புறங்களில் வீடுகளும் பள்ளியும். விரிப்பதற்கு இடமில்லை. ஏறத்தாழ 39,000 பேர் மட்டுமே அமர முடியும். அவர்களிலும் ஆயிரக்கணக்கானோருக்கு முன்னால் கூரையைத் தாங்கும் தூண் நிற்கும். சீட்டுக்குப் பணம் கொடுத்துவிட்டுத் தூணின் இருபுறமும் தலையைச் சாய்த்துச் சாய்த்து ஆட்டம் பார்க்க வேண்டும்! 2022-23 பருவத்தில் ஆட்ட நாள் வருமானமாக எவர்ட்டன் ஈட்டியது 20 மில்லியன் பவுனுக்கும் குறைவு. புதிய அரங்குக்கு முன்பே குடிபெயர்ந்த இலண்டன் ஆர்சனல் கழகம் ஈட்டியதோ 100 மில்லியனுக்கும் மேல். வீரர்களை விலைக்கு வாங்கும் இக்காலத்தில் இந்த வேறுபாட்டை நினைவுகளால் ஈடுகட்ட இயலாது. போகத்தான் வேண்டும் என்று கழகம் முடிவெடுத்ததில் நான் குற்றம் காணவில்லை.

எங்கே போவது என்பதில்தான் தடுமாற்றம். முதலில் நகரின் நடுவே கிங்ஸ் டாக் என்னும் அருமையான ஆற்றங்கரை இடம் அமைந்தது. கழகம் தன் பங்குப் பணத்தைத் திரட்ட முடியாமல் 2003இல் அது கைநழுவிப் போயிற்று. அடுத்து, நகர எல்லைக்கு வெளியே கர்க்பி என்னும் ஊரில், ஒரு பேரங்காடி நிறுவனத்துடன் கூட்டாக அரங்கு கட்டும் திட்டம். 2007இல் இரசிகர்களிடம் வாக்கெடுப்பு நடத்தப்பட்டது. வாக்களித்தோரில் 59 விழுக்காட்டினர் ஆதரித்தனர். நகரை விட்டு வெளியேறக் கூடாது என்று மற்றொரு சாரார் இயக்கமே நடத்தினர். 2009 நவம்பரில் அரசாங்கம் அனுமதி மறுத்தது. மூன்றாவதாக, குடிசனுக்கு அருகிலேயே வால்ட்டன் ஹால் பூங்காவில் கட்டும் யோசனை. அதுவும் 2016இல் கைவிடப்பட்டது. பூங்காவை இழக்கும் அக்கம்பக்கத்தார் எதிர்த்தார்கள். எதிர்த்ததில் நியாயமும் இருந்தது.

நான்காவது இடமே பிராம்லி மூர் கப்பல்துறை. 1848இல் திறக்கப்பட்டது, நீராவிக் கப்பல்களுக்கு நிலக்கரி ஏற்றிய இடம். பின்னாளில் பயனற்றுப் போன அத்துறையில், ஐரிஷ் கடலின் அடியிலிருந்து இலட்சக்கணக்கான கனமீட்டர் மணலை அள்ளி வந்து நிரப்பி, ஏறத்தாழ 53,000 பேர் அமரும் அரங்கைக் கட்டினர். பழைய கருங்கல் மதிலையும் நீர்விசைக் கோபுரத்தையும் காத்து, கப்பல்துறையின் சுவர்களை மணலுக்கடியில் அப்படியே விட்டு வைத்தார்கள். ஆனாலும், 2021 ஜூலையில் லிவர்ப்பூல் துறைமுகத்தின் உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற தகுதியை யுனெஸ்கோ பறித்தது. ஆற்றங்கரையில் எழுந்த புதுக் கட்டடங்களோடு இந்த அரங்கத் திட்டத்தையும் அது காரணமாகக் காட்டியது. உலகில் அத்தகுதியை இழந்த மூன்றாவது இடம் லிவர்ப்பூல். முதலாவது ஓமானிலிருந்த அரபு மான் காப்பகம்.

பாழடைந்து கிடந்த துறைக்கு உயிர் கொடுத்தது தவறா என்று நகரத்தார் கேட்டனர். அந்தக் கேள்வியில் நான் நகரத்தார் பக்கமே. பூட்டிய மதிலுக்குள் தேங்கிய நீரால் எவருக்கும் பயனில்லை.

கணக்கு அதோடு முடியவில்லை. செலவு 750 மில்லியன் பவுனைத் தாண்டியது. இழப்பு வரம்பை மீறியதற்காக 2023 நவம்பரில் லீக் நிர்வாகத்தின் வழக்கை விசாரித்த குழு கழகத்தின் 10 புள்ளிகளைக் கழித்தது. மேல்முறையீட்டில் அது 6 ஆகக் குறைந்தது. 2024 ஏப்ரலில் மேலும் 2 புள்ளிகள் போயின. அவ்வழக்குகளின் வாதங்களில் முக்கியமான ஒன்று என்ன தெரியுமா? அரங்கம் கட்ட வாங்கிய கடனின் வட்டியை எந்தக் கணக்கில் எழுதுவது என்பதே! 1892இல் மருத்துவர் பாக்ஸ்டர் வட்டியின்றிக் கொடுத்த அந்த 1,000 பவுனை இப்போது நினைத்துப் பாருங்கள். 2023 ஆகஸ்டில் கட்டுமானப் பணியின்போது ஓர் இளந்தொழிலாளி உயிரிழந்தார். எந்த வரவு செலவுப் பட்டியலிலும் அடங்காத இழப்பு அது. 2024 டிசம்பரில் கழகமே வேறு முதலாளிகளின் கைக்கு மாறியது.

இருந்தவர்களும் போனவர்களும்

போகாமல் இருந்துவிட்டால் எல்லாம் நலமாகும் என்று எண்ணிவிட வேண்டாம். பூங்காவிற்கு அப்பால் இருக்கும் ஆன்ஃபீல்டே சான்று. லிவர்ப்பூல் கழகமும் புதிய அரங்கம் கட்டப் பல ஆண்டுகள் திட்டமிட்டு, 2012இல் அதைக் கைவிட்டுப் பழைய இடத்திலேயே விரிவாக்கம் செய்வது என்று தீர்மானித்தது. 2016இல் பெரிய மாடம் எழுந்தது. பின்னர் இன்னொரு மாடமும் விரிந்து இன்று 61,000 பேர் அமர்கிறார்கள். இரசிகர்கள் மகிழ்ந்தார்கள். ஆனால் அதற்கு முன் என்ன நடந்தது? விரிவாக்கத்தை எதிர்பார்த்துக் கழகம் அண்டை வீடுகளை ஒவ்வொன்றாய் வாங்கியது. வாங்கிய வீடுகளைப் பூட்டி, பலகை அடித்து, ஆண்டுக்கணக்கில் வெறுமையாய் விட்டு வைத்தது. பூட்டிய வீட்டின் பக்கத்து வீட்டில் யார் குடியிருப்பார்? யார் நல்ல விலைக்கு வாங்குவார்? லோதேர் சாலை போன்ற தெருக்கள் கண்ணெதிரே சிதைந்தன. உலகின் செல்வக் கழகங்களுள் ஒன்றின் நிழலில், எஞ்சியிருந்த குடும்பங்கள் வீட்டு மதிப்பையும் அமைதியையும் இழந்தன. "நாங்கள் மண்ணை விட்டுப் போகவில்லை" என்று பெருமை பேசுவோர் இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

போனவர்களின் கதைக்கு இலண்டனுக்கு வாருங்கள். வெஸ்ட் ஹாம் கழகம் 1904 முதல் ஆடிய போலின் மைதானத்தை 2016 மே மாதத்தில் விட்டது. கிரீன் ஸ்ட்ரீட்டும் அப்டன் பார்க் நிலையமும் அருகே இருந்த இடம் அது. இரயிலில் அடுத்த நிலையம் ஈஸ்ட் ஹாம். தமிழகத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் சென்ற நம்மவர் கடை வைத்துக் குடியிருக்கும் பகுதியென்று உங்களில் பலர் அறிவீர்கள். சிலருக்கு உறவினரும் அங்கிருக்கக்கூடும். 2012 ஒலிம்பிக் போட்டிக்கென மக்கள் வரிப்பணத்தில் கட்டிய அரங்கம், 99 ஆண்டுக் குத்தகையாக, ஆண்டுக்கு ஏறத்தாழ 2.5 மில்லியன் பவுன் என்ற சகாய வாடகையில் கழகத்திற்குக் கிடைத்தது. வணிக நோக்கில் பார்த்தால் இதைவிட இலாபமான பேரம் இல்லை! ஆனால் அது ஓட்டப்பந்தயத்திற்கென அமைத்த அரங்கம். இருக்கைகள் புல்தரையிலிருந்து வெகுதூரம். 2018 மார்ச்சில் பர்ன்லி அணியுடன் நடந்த ஆட்டத்தின்போது இரசிகர்கள் களத்திற்குள்ளேயே இறங்கி எதிர்ப்புக் காட்டினர். பழைய மைதானம் இடிக்கப்பட்டு அடுக்குமாடிக் குடியிருப்பாயிற்று. ஆட்ட நாள் கூட்டத்தை நம்பியிருந்த அத்தெருவின் உணவுக் கடைகளுக்கு அந்தக் கூட்டம் திரும்பி வரவேயில்லை.

ஆர்சனல் கழகம் 2006இல் தன் ஹைபரி மைதானத்தை விட்டபோது சற்று நயமாக நடந்துகொண்டது. பழைய மாடத்தின் முகப்பைக் காத்து, உள்ளே வீடுகள் கட்டி, ஆட்டக்களத்தைத் தோட்டமாக்கினார்கள். அழகுதான். அந்த வீடுகளின் விலைதான் அத்தெருவின் பழைய குடிகளுக்கு எட்டாதது.

மகளுக்குச் சேர்ந்த வீடு

குடிசன் பார்க்குக்கும் அந்தக் கதியே காத்திருந்தது. இடித்துவிட்டு வீடுகள், நலவாழ்வு நிலையம் முதலியன கட்டுவதே முந்தைய திட்டம். நல்ல நோக்கமே ஆயினும், பணத்திற்கு வழி தேட வேண்டிய திட்டம். 2025 மே மாதத்தில், கடைசி ஆட்டத்திற்குச் சில நாள்களே இருந்தபோது, புதிய நிர்வாகம் வேறொரு முடிவை அறிவித்தது. குடிசன் பார்க் இடிக்கப்படமாட்டாது. அது எவர்ட்டன் பெண்கள் அணியின் நிரந்தர மைதானமாகும்! ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் மட்டுமே அமரக்கூடிய சிறு மைதானத்தில் ஆடிவந்த பெண்கள் அவர்கள்.

இம்முடிவின் பொருத்தத்தை உணர ஒரு பழைய செய்தியைச் சொல்ல வேண்டும். 1920 டிசம்பர் 26 அன்று, பிரெஸ்டன் நகரத் தொழிற்சாலைப் பெண்களின் டிக் கெர் அணி, செயின்ட் ஹெலன்ஸ் பெண்கள் அணியை எதிர்த்து இதே குடிசனில் ஆடியது. 53,000 பேர் கண்டனர். இடமின்றித் திரும்பியோர் ஆயிரக்கணக்கானோர். வசூல் 3,000 பவுனுக்கு மேல். அது நற்பணிக்குச் சென்றது. மறு ஆண்டே, 1921 டிசம்பரில், கால்பந்து பெண்களுக்கு ஏற்றதன்று என்று கூறி, லீக் கழகங்களின் மைதானங்களில் பெண்கள் ஆடுவதற்குக் கால்பந்துச் சங்கம் தடை விதித்தது. அத்தடை ஏறத்தாழ அரை நூற்றாண்டு நீடித்தது. எந்த மைதானத்தில் அவர்கள் அவ்வளவு கூட்டத்தைக் கூட்டினார்களோ, அதே மைதானம் இன்று அவர்களுக்கே வந்திருக்கிறது.

காயல்பட்டினம், கீழக்கரை போன்ற நம் கடற்கரை ஊர்களில் வீடு மகளுக்கே சேரும் என்பது வழக்கம். ஆண்மக்கள் கடல் கடந்து வியாபாரத்திற்குப் போவார்கள். வீடும் அதன் விளக்கும் மகளிடம் இருக்கும். எவர்ட்டன் நிர்வாகம் நம் வழக்கத்தை அறிந்திருக்க வாய்ப்பில்லை. எனினும் இச்செய்தியைப் படித்தபோது எனக்கு நினைவு வந்தது அதுதான்.

இதனால் கவுண்டி சாலையின் கவலை முழுதும் தீர்ந்துவிட்டதென்று சொல்ல முடியாது. பெண்கள் லீகில் ஆட்டங்கள் குறைவு. கூட்டமும் இப்போதைக்குக் குறைவு. 39,000 பேர் வந்த தெருவில் சில ஆயிரம் பேர் வந்தால் எத்தனை அடுப்புகள் எரியும்? புதிய அரங்கின் பக்கம் இதற்கு நேர்மாறான தொல்லை. ஆட்ட நாள் கூட்டத்தை ஒழுங்குபடுத்த நகரசபை கொண்டுவந்த வாகன நிறுத்தக் கட்டுப்பாட்டால் தங்கள் தொழில் முடங்குகிறதென்று அங்குள்ள பட்டறைக்காரர்களும் வணிகர்களும் முறையிட்டார்கள். 53,000 பேர் ஒருங்கே கூடும் இடத்திற்கு அருகிலிருப்பது ஒரு சிறு இரயில் நிலையமே.

புதிய அரங்கின் வருமானத்தில் ஒரு பங்கைக் குடிசனின் பராமரிப்புக்கென்று கழகம் தனியே ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து. லீட்சின் புல்லன்ஸ் சாலை மாடம் 1926இல் எழுந்தது. நூறாண்டு மரத்துக்கும் இரும்புக்கும் ஆண்டுதோறும் செலவு உண்டு. பெண்கள் அணியின் நுழைவுச்சீட்டுப் பணம் ஒன்றை மட்டும் நம்பி அதை விட்டுவிட்டால், பத்து ஆண்டுகள் கழித்து "மாடம் பழுதாகிவிட்டது, இடிப்பதே வழி" என்ற அறிக்கை வரும். வால்ட்டன் மக்களும் அப்போது மறுபடியும் ஒரு கூட்டத்திற்குப் போய் உட்கார வேண்டியிருக்கும்.